குரு பிந்தி வந்தார்

ஆடல் தடங்கள் – 17

1931 ஜனவரி 23 அன்று ஹாலந்தின் ஹேக் நகரில் அன்னா பாவ்லோவா கண்ணை மூடினார். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அடுத்த நாற்பது நாளுக்குள், மார்ச் 3ஆம் தேதி, பாரிஸின் ஷான்ஸ் எலிஸே அரங்கில் முப்பது வயது வங்காளி இளைஞர் ஒருவர் தம் சொந்தக் குழுவோடு மேடை ஏறினார். தம்பிமார்களும் உறவுக்காரப் பெண்ணும் ஒரு பிரெஞ்சுக்காரியும் சேர்ந்த குழு அது. சரோதும் சிதாரும் முழவும் அவர்களுக்குப் பின்னணி. இப்படி ஒரு குழுவோடு வரவேண்டும் என்று ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் அவரை விரட்டியவரே பாவ்லோவாதான். பார்க்க அவர் இல்லை.

அந்த இளைஞர் உதயசங்கர். இன்று பலருக்கு அவர் ரவிசங்கரின் அண்ணன். அன்றைக்கு நிலைமை நேர்மாறு. பாரிஸ் மேடையின் ஓரத்தில் நின்ற பத்து வயதுப் பையன் ரவி, உதயசங்கரின் கடைசித் தம்பி என்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லாதவன்.

நம் ஊரில் நடனக்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குரு, அப்புறம் சலங்கை பூஜை, அரங்கேற்றம், பிறகுதான் வெளியூர்க் கச்சேரியும் விருதும். உதயசங்கரின் வாழ்க்கையில் இந்த வரிசை தலைகீழ். மேடை முதலில் வந்தது, புகழ் அடுத்து வந்தது, முறையான குரு அதற்கெல்லாம் பிறகு வந்தார். அவரை உருவாக்கியவர்களில் ஒரு ஓவியர் உண்டு, ஒரு பாலே நர்த்தகி உண்டு, பியானோ வாசித்த பெண் உண்டு, ஒரு சிற்பி உண்டு. நால்வரும் ஐரோப்பியர்கள். நால்வரில் ஒருவருக்குக்கூட இந்திய நடனத்தில் ஓர் அடவு சொல்லிக்கொடுக்கத் தெரியாது.

முதல் பாடம் மட்டும் உள்ளூரில் கிடைத்தது.

உதயசங்கர் 1900 டிசம்பர் 8 அன்று ராஜபுதனத்தின் உதய்பூரில் பிறந்தார். ஊரின் பெயரே பிள்ளைக்கும் வந்தது. தந்தை சியாம் சங்கர் சமஸ்கிருதம் கற்றவர், ஜாலாவாட் சமஸ்தானத்தில் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தவர், பின்னாளில் லண்டனுக்குப் போய்விட்டவர். தாய் ஹேமாங்கினி பிள்ளைகளோடு காசிப்பூர் பக்கம் நஸ்ரத்பூரில் தன் பிறந்த வீட்டில் இருந்தார். அந்தக் கிராமத்தில் மாதாதீன் என்றொருவர். தோல் வேலை செய்யும் சாமர் சாதிக்காரர், விழாக்களில் ஆடுபவர். மேல்சாதி வீட்டுப் பையன் அந்தக் கூட்டத்தில் போய் நிற்பது வீட்டாருக்குப் பிடிக்கக்கூடிய காரியம் அல்ல. பையன் போனான். நின்று பார்த்தான். வீட்டுக்கு வந்து ஆடியும் பார்த்தான். உலகப் புகழ் வந்த பிறகும் தன் ஆட்டத்தின் ஊற்று எது என்ற பேச்சு வரும்போதெல்லாம் உதயசங்கர் மாதாதீனின் பெயரைச் சொன்னார். அரங்கேற்ற அழைப்பிதழ்களில் இடம்பெறாத இந்த மாதிரி ஆசிரியர்கள் நம் நடன வரலாற்றில் இன்னும் எத்தனை பேரோ!

பையனை ஓவியனாக்குவதுதான் வீட்டின் திட்டம். 1918இல் பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளி, 1920இல் லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட். அங்கே அப்போது முதல்வராக வந்திருந்தவர் வில்லியம் ரோத்தன்ஸ்டைன். தாகூரின் ஆங்கில கீதாஞ்சலி யாருக்குக் காணிக்கை ஆக்கப்பட்டதோ, அதே ரோத்தன்ஸ்டைன். லண்டனில் இந்தியக் கலைக்காக ஒரு சங்கம் அமைத்தவர்களுள் ஒருவர். ஐரோப்பிய பாணியில் கைதேர்ந்து வந்துகொண்டிருந்த இந்திய மாணவனைப் பார்த்து அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. உன் நாட்டில் இருப்பதை முதலில் பார் என்று பிரிட்டிஷ் மியூசியம் பக்கம் திருப்பிவிட்டார். ராஜபுத்திரச் சிற்றோவியங்களையும் தெய்வச் சிலைகளையும் உதயசங்கர் ஊன்றிப் பார்த்தது பெரும்பாலும் அங்கேதான். இந்தியாவிலிருந்து எடுத்துப்போன பொருள்களின் முன்னால், லண்டனில் நின்று, ஓர் ஆங்கிலேயர் சொல்லி இந்தியா தெரிய வந்தது. முரண்தான். ஆனால் அந்தத் தலைமுறைப் படிப்பாளிகள் பலருக்கும் வழி அப்படித்தான் திறந்தது.

லண்டனில் தந்தை நடத்திய இந்தியக் கலைநிகழ்ச்சிகளில் மகன் ஆடினான். பாவ்லோவாவின் காதுக்குச் செய்தி எட்டியது.

பாவ்லோவா அப்போதுதான் இந்தியாவுக்குப் போய்த் திரும்பியிருந்தார். 1922 குளிர்காலத்தில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆடிய அவர், இந்த நாட்டின் நடனத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டு அலைந்தும், அவர் சந்தித்த கனவான்களில் யாராலும் உருப்படியாக எதையும் காட்ட முடியவில்லை. நடனம் இருக்கத்தான் செய்தது. தஞ்சையிலும் காஞ்சியிலும் மணிப்பூரிலும் மலபாரிலும் இருந்தது. வெள்ளைக்கார விருந்தினரை அங்கே கூட்டிப்போக மரியாதைப்பட்டவர்கள் கூசினார்கள், அவ்வளவுதான். அஜந்தா ஓவியங்களைப் பார்த்துவிட்டு லண்டன் திரும்பிய பாவ்லோவா, இந்தியக் கருவில் ஒரு நடனம் அமைக்க ஆள் தேடினார். ஓவியக் கல்லூரி மாணவர் கிடைத்தார்.

1923 செப்டம்பரில் கோவண்ட் கார்டனில் அரங்கேறியது அந்தக் கூட்டு முயற்சி. இரண்டு உருப்படிகள்: ‘ராதா கிருஷ்ணா’, ‘இந்துத் திருமணம்’. முதலாவதில் பாவ்லோவா ராதை, உதயசங்கர் கிருஷ்ணன். திருமணக் காட்சி பாவ்லோவாவின் குழுவினருக்காக அமைத்தது. யோசித்துப் பார்த்தால் துணிச்சல் என்பதா, குருட்டுத் தைரியம் என்பதா என்று தெரியவில்லை. எந்த மரபையும் முறையாகப் பயிலாத இருபத்திரண்டு வயதுப் பையன், உலகத்தின் முதல் நர்த்தகிக்கு ராதையின் அசைவுகளைச் சொல்லித்தருகிறான்! சொல்லித்தர அவனிடம் இருந்த கையிருப்பு நஸ்ரத்பூர் நினைவுகளும், ராஜஸ்தானத்து விழாக்களும், மியூசியத்தில் பார்த்த சிலைகளும்தான். ஓவியனின் கண் அவற்றைக் கோத்துக் கொடுத்தது.

பிறகு பாவ்லோவாவின் குழுவோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம். ஒத்திகை அறையில் பாலே பயிலும் கால்களைத் தினம் பார்க்கிறவனுக்கு ஆசை வராதா? உதயசங்கர் பாலே கற்றுக்கொள்ள விரும்பினார். பாவ்லோவா தடுத்துவிட்டார். உன் நாட்டு நடனத்தை எங்களுக்குக் கொண்டுவந்து காட்டு, எங்களுடையது உனக்கு எதற்கு என்பது அவர் வாதம். ரோத்தன்ஸ்டைன் ஓவியத்தில் செய்ததை இவர் ஆட்டத்தில் செய்தார். பாவ்லோவாவுக்கு இது ஒரு தடவை வந்துபோன எண்ணம் அல்ல என்பதற்கு அடையாற்றிலேயே சாட்சி உண்டு. 1920களின் இறுதியில் பாலே கற்க ஆசைப்பட்ட ருக்மிணி தேவியைத் தம் குழுவின் கிளியோ நோர்டியிடம் பயில ஏற்பாடு செய்தவரும், உங்கள் நாட்டிலேயே தேடுங்கள் என்று சொல்லியனுப்பியவரும் பாவ்லோவாதான். ருக்மிணி தேவி தேடிப்போய்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். உதயசங்கர் அப்படி உடனே யாரிடமும் போய்ச் சேரவில்லை. இருவரின் பாதையும் பிரியும் இடம் இதுதான்.

1924இல் பாவ்லோவாவை விட்டு விலகியபின் அவர் போன இடம் பாரிஸ். அங்கே ஐந்தாறு ஆண்டு சிரமதசை. இரவு விடுதிகளில்கூட ஆடிப் பிழைக்கவேண்டியிருந்தது. அப்போது வந்து சேர்ந்தவர்தான் சிமோன் பார்பியே என்ற பியானோக்காரப் பெண். உதயசங்கர் அவரை ஆடப் பழக்கினார். ‘சிம்கி’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பல ஆண்டுகள் பார்வதியாகவும் ராதையாகவும் ஆடிய பிரெஞ்சுக்காரி. ராஜ் கபூரின் ‘ஆவாரா’வில் மேகப் படிக்கட்டும் பிரம்மாண்டச் சிலைகளுமாக வரும் கனவுக் காட்சியின் நடனத்தை அமைத்தவர் இந்தச் சிம்கிதான் என்பது, அந்தப் பாட்டை நூறு தடவை பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்து வந்தவர் ஆலிஸ் போனர், சுவிட்சர்லாந்துச் சிற்பி. 1926இல் சூரிச்சில் உதயசங்கர் ஆடுவதைக் கண்டு, அந்த உடலைக் கோட்டோவியமாகத் தீட்டத் தொடங்கியவர். சில ஆண்டு கழித்துப் பாரிஸில் மறுபடி சந்தித்தபோது, உதயசங்கரின் கனவு என்ன என்று கேட்டுக்கொண்டார். இந்தியக் கலைஞர்கள், இந்தியக் கருவிகள், இந்திய உடைகளோடு ஒரு முழுக்குழு. ஆலிஸிடம் வசதி இருந்தது, அதைவிட முக்கியமாக நிர்வாக மூளை இருந்தது. 1930இல் இருவரும் இந்தியா வந்து ஊர் ஊராகச் சுற்றினார்கள். கோயில் சிற்பங்கள், கேரளத்துக் கதகளி, கிராமத்து ஆட்டங்கள், கடைத்தெருவில் நகை, துணி, தோல் வாத்தியங்கள் என்று கண்டதும் வாங்கியதும் ஏராளம். பத்து ஆண்டுக்குப் பின் தாய்நாட்டைப் பார்க்கும் உதயசங்கருக்கு அது ஒரு சுற்றுலாவும்கூட. பக்கத்தில் நின்று ஒவ்வொரு தூணையும் சிற்பியின் கண்ணால் அளந்தவர் ஆலிஸ். ஆண்டு முடிவதற்குள் குடும்பத்தையே கப்பலேற்றிப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். இசைக்கு அலாவுதீன் கானின் சீடர் திமிர் பரணும், விஷ்ணுதாஸ் ஷிராளியும்.

அப்படித் திரண்டதுதான் 1931 மார்ச் 3 மேடை. அடுத்த ஆண்டு இறுதியில் சோல் ஹுராக் அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துப்போனார். பாவ்லோவாவை அமெரிக்கா எங்கும் கொண்டுசென்ற அதே ஹுராக்.

அந்த மேடையில் மக்கள் என்னதான் பார்த்தார்கள்? முதலில் கைகள். தோளில் எழுந்த ஓர் அலை முழங்கை, மணிக்கட்டு வழியாக விரல் நுனிவரை ஓடி, திரும்ப மறு கைக்குப் போகும். எலும்பே இல்லாத கை என்று தோன்றும். சிவனாக நிற்கையில் நடராஜ வெண்கலத்தின் நிலை தெரியும்; ஆனால் அந்த நிலைக்குப் போகும் வழியும் அங்கிருந்து இறங்கும் வழியும் அவரே கண்டவை. காலில் பெரிய கணக்கு இல்லை, ஜதிக்கோவை இல்லை. பரதத்தில் ஊறிய கண்ணுக்கு அது குறையாகத்தான் படும். எல்லாம் கலவை, எதிலும் ஆழமில்லை என்ற குற்றச்சாட்டு அவரைக் கடைசிவரை துரத்தியது. அதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் நிகழ்ச்சியின் நீளம், ஒளி, திரை, உடை, குழுவாக ஆட்களை நிறுத்தும் விதம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கண் யோசித்து அமைப்பது என்பது அன்றைய நம் மேடைக்குப் புதிது. அந்தக் கண் எங்கே பழகியது என்று கேட்டால் ஓவியக் கல்லூரியையும் பாவ்லோவாவின் குழுவையும்தான் காட்டவேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, முப்பது வயதைத் தாண்டி, உலகம் சுற்றிய நட்சத்திரமாக, உதயசங்கர் ஒரு குருவின் முன்னால் உட்கார்ந்தார்.

கேரளத்தின் கதகளி ஆசான் சங்கரன் நம்பூதிரி. அவருடைய முகத்திலும் கண்ணிலும் உதயசங்கர் கண்டது, எந்தச் சிலையும் சொல்லித்தராத ஒன்று. ‘கார்த்திகேயா’ என்ற தனி நடனம் அந்த உறவில் விளைந்தது. அடுத்து, 1935–36 சுற்றுப்பயணத்தில் மைஹரிலிருந்து அலாவுதீன் கானே குழுவோடு வந்தார். கப்பலிலும் ஓட்டலிலும் கூடவே இருந்த அந்தக் கண்டிப்பான கிழவர், நடனமும் நாகரிகமுமாகத் திரிந்த ரவியைச் சிதாரின் பக்கம் இழுத்துப்போன கதை தனிக்கதை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். பாவ்லோவா உதயசங்கருக்குச் செய்ததை, தெரிந்தோ தெரியாமலோ உதயசங்கரின் குழு ரவிசங்கருக்குச் செய்தது.

ஆலிஸ் போனர் இதற்குள் குழுவைவிட்டு விலகிக் காசிக்குப் போய், அசி கட்டத்தில் கங்கையோரம் வீடு பிடித்துத் தங்கிவிட்டார். நாற்பது ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்து கோயில் சிற்பங்களின் அமைப்பு இலக்கணத்தை ஆராய்ந்தார். 1974இல் பத்மபூஷண் பெற்றார். சீடனைத் தேடிவந்த ஆசிரியை, சீடனின் நாட்டில் மாணவியாகவே தங்கிவிட்டார்.

1936இல் இங்கிலாந்தின் டார்ட்டிங்டன். லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், டோரதி தம்பதியின் பண்ணையும் பள்ளியும் கலைக்கூடமும் சேர்ந்த இடம். லெனார்ட் ஒரு காலத்தில் தாகூரின் ஸ்ரீநிகேதனில் வேலை பார்த்தவர். டோரதி அமெரிக்கப் பெரும் பணக்கார வீட்டுப் பெண். ஜெர்மனியிலிருந்து வெளியேறிய நடன ஆசிரியர் கர்ட் யோஸும், ரஷ்ய நடிப்பாசிரியர் மைக்கேல் செக்காவும் அப்போது அங்கே இருந்தார்கள். நாடகப் பயிற்சியில் கற்பனையை உடலுக்குள் இறக்குவது எப்படி என்ற செக்காவின் வழிமுறை உதயசங்கரின் மனதில் தங்கியது. அவருடைய ‘உழைப்பும் இயந்திரமும்’ என்ற படைப்பில் ஆடுபவர்களே பற்சக்கரமும் நெம்புகோலுமாக மாறுவார்கள். கிராமத்து ஆள் ஆலைக்குள் போய் இயந்திரத்தின் உறுப்பாகித் தேய்வான். புராணம் ஆடியவர் அங்கே வந்துசேர்ந்ததில் டார்ட்டிங்டனுக்குப் பங்கு உண்டு.

தாகூர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், உங்கள் வேலை இந்தியாவில் வேர் பிடிக்கவேண்டும் என்று. எல்ம்ஹர்ஸ்ட் குடும்பத்தார் பணம் தந்தார்கள். இமயச் சாரலில் அல்மோராவுக்கு அருகே சிம்தோலாவில் இடம் கிடைத்தது. 1930களின் கடைசியில் எழுந்தது உதயசங்கர் இந்தியக் கலாசார மையம்.

அங்கே ஆசிரியர்களாகக் கூடியவர்களின் பட்டியலைப் பாருங்கள். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி. மணிப்பூரிக்கு அமோபி சிங். இசைக்கு அலாவுதீன் கான். பரதத்துக்குக் கந்தப்பா பிள்ளை.

கந்தப்பா பிள்ளை என்றால் பாலசரஸ்வதியின் குரு, தஞ்சை நால்வர் மரபில் வந்தவர். சிறுமி பாலாவை அடித்துத் திருத்திப் பயிற்றியவர் என்று கண்டிப்புக்குப் பேர்போனவர். காஞ்சிபுரத்து மண்ணும் சென்னை வெயிலும் பழகிய நட்டுவனார், தட்டுக்கழியோடு இமயமலை அடிவாரத்தில் போய் உட்கார்ந்தார். பாலாவுக்கு அது பெரிய இழப்பு. கந்தப்பாவின் சீடர் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை பிறகு அவருக்கு நட்டுவாங்கம் செய்தார். கந்தப்பா 1941இல், நாற்பது சொச்சம் வயதிலேயே காலமானார். உதயசங்கர் தமக்குக் கிடைக்காமல்போன இளமைக்காலக் குருமார்களை எல்லாம் தம் மாணவர்களுக்காக ஒரே மலையில் கூட்டிவைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மாணவன் காலையில் அரைமண்டியும், பிறகு கதகளிக் கண் பயிற்சியும், அதன்பின் மணிப்பூரியின் மிதக்கும் நடையும் பயில்வது நல்லதா என்று கேட்டால், மூன்று ஆசான்களும் தலையாட்டியிருப்பார்களா தெரியாது.

உதயசங்கர் தாமே எடுத்த வகுப்பு வேறு மாதிரி. அதில் அடவு கிடையாது. நடை. முரசு தட்டும், அவர் முன்னே நடப்பார், மாணவர்கள் பின்னே நடப்பார்கள். தலை எங்கே, தோள் எங்கே, பாதம் முதலில் எந்தப் பக்கம் மண்ணைத் தொடுகிறது என்று கவனித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடை. பிறகு ஒரு சூழ்நிலையைச் சொல்லி, ஒத்திகை இல்லாமல் அப்போதே ஆடச்சொல்வார். தனக்குத் தோன்றாத ஒன்று மாணவனுக்குத் தோன்றவேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. பத்து ஆண்டுப் பாடாந்தரத்தில் பழகிய நட்டுவனார்கள் இதைக் கண்டு புருவம் உயர்த்தியிருந்தால் வியப்பில்லை. 1941இல் மலைச்சரிவில் பெரிய திரை கட்டி நிழலாட்டமாக நடத்திய ‘ராமலீலா’ இந்தக் கூட்டத்தின் வேலை.

வகுப்பில் இருந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். டிரெஸ்டனில் மேரி விக்மன் பள்ளியில் படித்துவிட்டு வந்து, ஆடவும் கற்பிக்கவும் செய்த ஸோரா (பின்னாளில் ஸோரா ஸெஹ்கல்). 1942இல் உதயசங்கரை மணந்த அமலா நந்தி. பதினொரு வயதில் தந்தையோடு பாரிஸ் கண்காட்சிக்கு வந்த இடத்தில் குழுவுக்குள் நுழைந்தவர். சாந்தி பர்தன், நரேந்திர சர்மா, சச்சின் சங்கர். அப்புறம் பதினாறு வயதுப் பையன் ஒருவன், 1941இல் உதவித்தொகையில் சேர்ந்தவன். பெயர் குரு தத். அவர் படங்களில் பாட்டுக்குள் கேமரா நகரும் லயத்தைக் கவனித்தவர்கள், அவர் புனேயில் முதலில் நடன அமைப்பாளராகத்தான் வேலைக்குச் சேர்ந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

போர் வந்தது, பணம் வற்றியது. 1944 வாக்கில் அல்மோரா மூடப்பட்டது. உதயசங்கர் கையிலிருந்ததை எல்லாம் திரட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார்.

இன்று அண்ணா மேம்பாலம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அன்று ஜெமினி ஸ்டூடியோ. அங்கேதான் ‘கல்பனா’ எடுத்தார். எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்த ஒரே படம். உதயன் என்ற நடனக் கலைஞன் மலையில் ஒரு கலைக்கூடம் கட்டக் கனவு காணும் கதை. யாருடைய கதை என்று விளக்க வேண்டியதில்லை. ஒளிப்பதிவு கே. ராம்நாத். திருவாங்கூரிலிருந்து வந்த லலிதாவும் பத்மினியும் திரையில் முதலில் தெரிந்தது இந்தப் படத்தில். அதே வளாகத்தில் எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’வும் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. அதன் முரசு நடனத்துக்குக் ‘கல்பனா’வின் கூட்ட நடனங்கள் தூண்டுதல் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். முரசுகள் மேல் ஆள் ஏறி ஆடும் அந்தப் பிரம்மாண்டத்தையும், ‘கல்பனா’வில் வரும் உழைப்பு இயந்திரக் காட்சியையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உறவு புரியும். 1948இல் இரண்டும் வெளிவந்தன. ‘சந்திரலேகா’ ஓடியது. ‘கல்பனா’ படுத்துவிட்டது. 2012இல் மீட்டெடுத்த பிரதியைக் கான் திரைப்பட விழாவில் காட்டியபோது, அமலா சங்கர் தொண்ணூறைத் தாண்டிய வயதில் நேரில் போயிருந்தார்.

உதயசங்கர் பிறகும் ஓயவில்லை. 1961இல் தாகூர் கவிதையை வைத்து ‘சாமான்ய க்ஷதி’ செய்தார். 1970இல் திரைப்படத்தையும் மேடையையும் பின்னி ‘சங்கர்ஸ்கோப்’ செய்தார். 1977 செப்டம்பர் 26 அன்று கல்கத்தாவில் காலமானார். இந்தப் பிற்காலத்தில் பழைய வேகம் குறைவு என்பதே என் கணிப்பு. வேகம் மாணவர்களிடம் போய்விட்டிருந்தது.

அவர்களில் சாந்தி பர்தன் குருவின் வழியை விட்டு வெகுதூரம் விலகினார். அல்மோரா மூடியதும் பம்பாய்க்குப் போய், இப்டா என்ற மக்கள் நாடக இயக்கத்தின் நடனக்குழுவுக்கு அமைப்பாளரானார். பஞ்சமும் விடுதலைப் போரும் அவர் மேடைக்கு வந்தன. காசநோய் உடலைத் தின்றுகொண்டிருந்த நிலையில், 1952இல் லிட்டில் பாலே ட்ரூப்பைத் தொடங்கி, மனிதர்களையே பொம்மைகளாக ஆடவைத்து ஒரு ராமாயணம் அமைத்தார். முழங்கை மடியாத ராமனும், கயிற்றில் தொங்குவதுபோல் நடக்கும் சீதையுமாக அந்த ராமாயணம் எப்படி உருவானது, 1954இல் அவர் இறந்தபின் அதை யார் தூக்கிச் சுமந்தார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.